ஷில்பாவுக்கு மட்டும் சுலபமான கேள்வி

"ஷில்பாம்மா, உனக்கு. தாஜ்மஹால் எந்த ஊர்ல கீது?"

"ஆக்ரா!" என்று சொல்லிவிட்டு ஷில்பா ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சபாஷ்! கிளாரன்ஸ், உனக்கு. ஹாலி வால்நட்சத்திரம் மறுபடி எந்த வருஷம் வரும்?" என்றார் சாம்ராஜ்.

"யாருக்குப்பா தெரியும்? வரும்போது பாத்துக்கலாம்."

சிரித்தபடியே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார் கிளாரன்ஸ். தலை முழுக்க நரைத்த மனிதர்.

ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை ரயில் அது. மாரிக்குப்பத்தில் கிளம்பும்போதே சாம்ராஜ் ஏறி, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். மற்ற மூவரும் அடுத்து வரும் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவார்கள். மூன்று இடத்துக்கு நாலு பேர். அதற்காக ஏற்பட்டதுதான் இந்தப் பொது அறிவுப் போட்டி. தப்பாகச் சொன்னவர் பாதி வழியில் இருக்கும் மாலூர் வரைக்கும் நிற்க வேண்டும். இடம் பிடிக்கிறவர் என்பதால், கேள்வி கேட்கும் உரிமை சாம்ராஜுக்கு.

ஜெயசீலி இந்தக் கோஷ்டிக்குப் புதிசு. ரிட்டையராகிப் போன ஒருவரின் இடத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பள்ளிக்கூட நாளில் வினாடி வினாவில் கப் வாங்கியவள். வந்த புதிதில் போட்டி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. போகப் போகத்தான் சங்கதி தெரிந்தது. ஷில்பாவுக்கு எப்போதும் அல்வா மாதிரி கேள்வி. கிளாரன்ஸுக்கோ ஐ.ஏ.எஸ். பரீட்சை!

சிவப்பாக, சிரித்த முகமாக ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தால் போதுமே, இந்த ஆம்பளைகள் வழிவதற்கு! அதுவும் கழுத்தில் தாலியோடு இருக்கிற பெண்ணிடம். அதற்காக ஒரு வயசான மனுஷன் தினமும் நிற்க வேண்டுமா?

மறுநாள் ரயிலில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள்.

"சாம்ராஜ் அண்ணே, இன்னிக்குக் கேள்வி நான் கேக்கறேன்."

சாம்ராஜ் கிளாரன்ஸைப் பார்த்தார். "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்?"

"ஒரு சிரமமும் இல்ல. ஷில்பா, மூணாவது பானிபட் போர் எந்த வருஷம் நடந்துச்சு?"

ஷில்பா விழித்தாள். "தெரியலக்கா" என்று மெல்ல எழுந்து கம்பியைப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இரும்மா, இரு!" என்று பதறினார் கிளாரன்ஸ். "என்னையும் கேக்கட்டும். ரெண்டு பேரும் தப்புன்னா வயசுல பெரியவன்தான் நிக்கணும். அதான் ரூலு."

"இது இன்னா புது ரூலு? எப்பத்திலேந்து?"

"இப்பத்திலேந்துதான். நீங்க கேளுங்க."

ஜெயசீலி விடவில்லை. இதைவிடச் சுலபமாக உலகத்தில் கேள்வியே இருக்க முடியாது என்று ஒன்றைக் கேட்டாள்.

"சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?"

ஜன்னல் வழியாகக் காலை வெயில் கிளாரன்ஸின் மூஞ்சியிலேயே அடித்துக்கொண்டிருந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு யோசித்தார்.

"மேற்கு."

"தப்பு! எந்திரிப்பா" என்றார் சாம்ராஜ், கொஞ்சமும் சிரிக்காமல்.

ஷில்பா உட்கார்ந்தாள். கிளாரன்ஸ் கதவோரம் போய் நின்றார். பின்னாலேயே போனாள் ஜெயசீலி.

"இன்னாண்ணே இது, கூத்தா? உங்களுக்காகத்தான் நான் சண்டைக்கு நிக்கறேன்!"

கிளாரன்ஸ் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் அந்தப் பொண்ணு இந்தப் பெட்டியில எல்லாருக்கும் ஸ்வீட்டு குடுத்துச்சும்மா, மாசமா கீறேன்னு. அடுத்த மாசமே ஒண்ணுமில்லாம போச்சு. அப்புறம் வர்றவங்க போறவங்கல்லாம் 'இன்னாச்சு, எப்படி ஆச்சு'ன்னு கேட்டுக் கேட்டே அத்த நோகடிச்சுட்டாங்க."

ஜெயசீலி திரும்பி ஷில்பாவைப் பார்த்தாள்.

"இப்ப மறுபடியும் உண்டாயிருக்கு போல. பங்காருப்பேட்டையில எறங்கி வாந்தி எடுத்தத நாங்க பாத்தோம். ஆனா யார் கிட்டயும் மூச்சு விடல. பயம்மா அதுக்கு. சரின்னு எடம் குடுத்தா, 'எனக்கு இன்னா, நான் நல்லாத்தானே கீறேன்'னு பொலபொலன்னு அழுதுடுச்சு. போட்டியில ஜெயிச்சு உக்காந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க இல்ல?"

"உங்களுக்குத் தெரியும்னு அவளுக்கு…?"

"தெரியாது. தெரியவும் வேணாம். அதுவா ஸ்வீட்டு குடுக்கும்போது நாங்களும் புதுசா கேக்குற மாதிரி கேட்டுக்கறோம்."

ஜெயசீலிக்கு, தான் நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது.

"தினமும் நிக்கறீங்களே, கால் வலிக்காதாண்ணே?"

"எங்கப்பா சுரங்கத்து லிஃப்டு கேஜ்ல நின்னுக்குனே பாதாளத்துக்கு எறங்கி ஏறினவரு. நான் மாலூர் வரைக்கும் நிக்க மாட்டேனா?"

அடுத்த நாள் காலை. சாம்ராஜ் ஜெயசீலியைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார்.

"ஷில்பாவுக்கு மட்டும் சுலபமா கேக்கறேன்னு உங்களுக்குக் கோவம். அதனால இன்னிக்கு மொதல் கேள்வி உங்களுக்குத்தான். நம்ம கேஜிஎஃப்ல நூறு வருஷத்துக்கு மேல தோண்டித் தோண்டி இன்னாத்த எடுத்தாங்க?"

எதிர் பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மூன்று தலைமுறையாகத் தங்கவயலிலேயே இருக்கிற குடும்பத்தில் பிறந்த ஜெயசீலி, ரொம்ப நேரம் யோசித்தாள்.

"நிலக்கரி" என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.