மைனாவின் ஓநாய்ப் பசி

பிரெஞ்சு வகுப்பு நடக்கிற அறையின் ஜன்னலில் உட்கார்ந்தே ஒரு மைனா, அங்கே அன்றாடம் புழங்கும் அறுபது மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்துவிட்டது. அதன்பிறகு அதைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"பசி உயிர் போகுது," என்றது அணில்.

"பிரெஞ்சுக்காரங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. ஓநாய்ப் பசின்னு சொல்லணும்."

"நான் ஓநாயைப் பார்த்ததே இல்லையே!"

"அதனாலதான் நீ இன்னும் மரத்துல இருக்கே," என்றது மைனா, அதே மரத்தின் பக்கத்துக் கிளையிலிருந்து.

எதிர்வீட்டுக்குப் பாரிசிலிருந்து ஒரு நாய் குடிவந்தது. அன்றிலிருந்து நாலு மாதம் ஒத்திகை பார்த்த மைனா, இறகைக் கோதிக்கொண்டு போய், அறுபதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. நாய் பொறுமையாகக் கேட்டது. பிறகு, அதே நாலு மாதத்தில் தெருவில் கேட்டுப் பழகிய தமிழில், தட்டிலிருந்த தயிர்சாதத்தைக் காட்டி, "முதல்ல சாப்பிடுங்க, வாங்க," என்றது.

மைனாவுக்குச் சுருக்கென்றது. பிரெஞ்சில் கூப்பிடாத விருந்தை எப்படித் தொடுவது? விறைப்பாகத் திரும்பிவிட்டது. அணில்தான் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தது.

"தங்கமான மனுஷரா இருக்காரே! நீ ஏன் சாப்பிடல?"

"பாவம், அவருக்குப் பிரெஞ்சே வராது," என்றது மைனா.

அதன் வயிறு மட்டும் சுத்தத் தமிழில் இரைந்தது.