முளைப்பாரிக் கும்மிக் குழு

"ஏலே வேல்ராஜு, சங்கத்த வித்துத் தின்னுட்டியாலே?"

இராமேஸ்வரம் சுமைதூக்குவோர் சங்க வாசலில் நின்று கத்தினார் தவசி. பல வருஷம் தலைவராக இருந்தவர். சங்கத்துக்காகப் போலீஸ் அடியெல்லாம் வாங்கியவர். இப்போது ஓய்வு.

சங்கத்து போர்டைக் காணோம். அந்த இடத்தில் 'முளைப்பாரிக் கும்மிக் குழு' என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. கம்பத்தில் கொடி இல்லை. வேப்பிலை கட்டியிருந்தது.

செயலாளர் வேல்ராஜ் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"உக்காருங்கண்ணே. லாட்ஜுல ரூம் கழுவுற பொம்பளைகளச் சங்கத்துல சேக்குறோம். கொடி பறந்தா உள்ள வரப் பயப்படுறாக. கும்மி பழகப் போறோம்னா மொதலாளிமாரு விட்டுர்றாக."

"ஒளிஞ்சு நடத்துறதுக்குப் பேரு சங்கமாலே? நாங்கள்லாம் நெஞ்ச நிமித்தி நின்னோம்!"

தவசி உள்ளே எட்டிப் பார்த்தார். பாயில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கனகலட்சுமி கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தாள்.

"கையில என்னத்தா?"

"வாளித் தண்ணியோட மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேங்கய்யா. கை சரியானாலும் வேலைக்கு வராதேன்னுட்டாக."

தவசி வேல்ராஜ் பக்கம் திரும்பினார்.

"கேட்டியாலே? இதுக்குக் கும்மியா அடிப்ப? எந்த லாட்ஜுத்தா, சொல்லு. இப்பவே அவன் வாசல்ல போயி கொடிய நட்டுட்டு வாரேன். என் உசுரே போனாலும் சரி!"

கனகலட்சுமி வேல்ராஜைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"அவன என்ன பாக்குற? பயப்படாமச் சொல்லு."

"ஒங்க மகன் லாட்ஜுதாங்கய்யா."

தவசி நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"லாட்ஜு விவகாரத்துல நான் தலையிடுறதில்ல" என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஒங்க மனசு கஷ்டப்படும்னுதாண்ணே நான் வாயத் தெறக்கல" என்றான் வேல்ராஜ்.

தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று புது போர்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"கும்மியும் நல்ல விஷயந்தான். கொடி கிடியெல்லாம் எதுக்கு? இப்படியே நடக்கட்டும்."

"நடக்கும்ங்கய்யா" என்றாள், குழுவுக்குத் தலைவியான பாண்டியம்மாள். "நாளைக்குக் காலையில மொதக் கும்மியே ஒங்க மகன் லாட்ஜு வாசல்லதான்."