வெஸ்பரிலுக்கு ஒரு வேர்

"கதவைச் சாத்திட்டு உக்காருங்கம்மா," என்றார் அகராதியின் புதிய பதிப்பாசிரியர்.

அவள் கதவைச் சாத்திவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஆங்கிலச் சொற்களுக்கு லத்தீன் வேர் தேடி எழுதுவது அவள் வேலை. அது நிரந்தரமாக இவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கணவருக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான்.

அவர் முன்னால் விரித்திருந்தது 'வெஸ்பரில்' என்ற சொல் இருந்த பக்கம். ஐயோ, அதுவா! மற்ற சொற்களுக்கெல்லாம் நூலகமே கதி என்று கிடந்தவள், மகன் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் இந்த ஒன்றை மட்டும் போட்டிக் கம்பெனியின் அகராதியிலிருந்து சுட்டிருந்தாள்.

போதாக்குறைக்கு, அவர் பேனாக்களைப் போட்டு வைத்திருந்த கோப்பையில் அந்தக் கம்பெனியின் சின்னம். இவரும் அந்த அகராதியைப் புரட்டுகிறவர்தானோ?

"வெஸ்பரில்னா என்ன?"

"அந்தி நேரத்துல ஏத்துற சின்ன விளக்கு சார்."

"வேர்?"

"லத்தீன்ல வெஸ்பர்னா சாயங்காலம். அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு சார்."

"எங்க பிடிச்சீங்க?"

உண்மையைச் சொன்னால் இன்றே வேலை போய்விடும். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று துணிந்துவிட்டாள்.

"காலேஜ் நூலகத்துல... ஒரு பழைய கையெழுத்துப் பிரதி சார்."

"நீங்களே பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பாவி மனுஷன், திட்டவாவது செய்யக் கூடாதா?

"லத்தீன் கச்சிதம். பிரெஞ்சும் கச்சிதம். வேர்ல ஒரு ஓட்டை கிடையாது," என்றார் கடைசியில்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப நான் வரட்டுமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பழைய கம்பெனியில இருந்தப்ப, காப்பி அடிக்கிறவங்களைப் பிடிக்க நானே இட்டுக்கட்டின சொல்லும்மா அது."