அவங்க

சூரத்து வியாபாரி வீடியோவில் விலை சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் வைஃபை திணறிப் படம் உறைந்தது. இந்தத் துணிச் சரக்கு கைநழுவினால் தீபாவளிக்கு வயிரவன் கடையில் தொங்கவிட ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் அப்பா போனில் சினிமா பார்க்கிறார். நிறுத்தச் சொல்ல யாருக்குத் துணிவு? சத்தமில்லாமல் அவர் இணைப்பை மட்டும் துண்டிக்கலாமென்று வைஃபையில் இணைந்திருக்கும் போன்களின் பட்டியலைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தவள் மனைவி உமையாள். ‘அவங்க’, ‘அவங்க 2’, ‘அவங்க 3’.

“இதுல அப்பா எதுடி?”

“மாமா பேரை எப்படிங்க எழுதுறது?”

“சரி, நான் எது?”

“உங்க பேரை மட்டும் எழுதிருவேனாக்கும்!”

குத்துமதிப்பாக ஒன்றைத் துண்டித்தான். வியாபாரியே மறைந்துபோனார். அப்பா அறையில் சண்டைக்காட்சி அமர்க்களப்பட்டது.

“ஒரே ஒரு தடவை என் பேரை எழுது தாயே, பிழைச்சுப்போறேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

உமையாள் போனை வாங்கி, முகம் சிவக்க, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தாள்.

‘இவங்க.’