முதலில் சைபர்

"மறுபடியும் ராங் நம்பர் சார்!" கிளார்க் சகாதேவன் ரிசீவரைப் படாரென்று வைத்தார். பாவம், காலையிலிருந்து மனுஷன் டீ கூடக் குடிக்கவில்லை.

மேனேஜர் ராஜமாணிக்கத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை. "முதலாளி சாயங்காலம் வந்துடுவாரு. அதுக்குள்ள அந்த வள்ளி வரேன்னு சொல்லலேன்னா, டைப்பிஸ்ட் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு."

'என் சம்பளம் வந்தாத்தான் சார் தம்பி ஸ்கூலுக்குப் போவான்' என்று இன்டர்வியூவில் அவள் சொன்னது அவர் காதிலேயே நின்றது. ஆள் அனுப்பலாம் என்றால் இன்றைக்குப் பார்த்துத் தேரோட்டம். மாட வீதியைத் தாண்டி சைக்கிள் கூட நகராது. அவள் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றுதான் கதி.

போன மாதம்தான் கடலை எண்ணெய் மில்லுக்கு இந்தப் புது டெலிபோன் வந்தது. ஆபீஸுக்கு ஒன்று, குடோனுக்கு இரண்டு, கேட்டுக்கு மூன்று என்று சுழற்றி உள்ளுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம். வெளியே பேச மட்டும் முதலில் சைபர் சுழற்ற வேண்டும். வசதி, வசதி என்று தலையில் கட்டிவிட்டுப் போனான் போனை மாட்டிய புண்ணியவான். ஒரு நம்பர் ஒழுங்காகக் கிடைத்தால்தானே!

"இன்னொரு வாட்டி போடுய்யா. நானும் கேக்கறேன்."

"ரெண்டு... ஒண்ணு... ஏழு..." சத்தமாகச் சொல்லிக்கொண்டே சுழற்றிய சகாதேவன், ரிசீவரை மேனேஜர் காதில் வைத்தார்.

"ராங் நம்பர்!" மூக்கால் பேசிய குரல் ஒன்று எரிந்து விழுந்தது. டொக்.

"என்ன எழவு போன்யா இது!" மேனேஜர் மேஜையை ஓங்கி அடித்தார். மைக்கூடு குதித்தது.

"விடுங்க சார். அந்தப் பொண்ணுக்குக் குடுத்து வைக்கல, அவ்ளோதான்." சகாதேவன் உச்சுக் கொட்டினார். "அடுத்து யாரோ இருசப்பனாம். அவரையே வரச் சொல்லிடலாங்களா?"

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த இருசப்பனின் மனுவைத் தேடிக் கதவுக்குப் பின்னால் இருந்த பீரோவைத் திறந்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு குடோன் காசி வந்தான். தலையெல்லாம் கடலைத் தூசி, மூக்கை இறுக்கிக் கட்டிய துண்டு. கதவு மறைத்ததால் மேனேஜர் அங்கே நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. சகாதேவன் காட்டிய கண்ஜாடையும் புரியவில்லை.

"அண்ணே, லாரி வந்து நிக்குது. உங்க மச்சான் இருசப்பனுக்கு வேலை கெடைக்க, நான் இன்னும் எத்தினி வாட்டி ராங் நம்பர்னு சொல்லணும்?"