கப்பலுக்கு எங்கள் ஊர்ப் பெயர்

புதிய கடற்படைச் செயலாளருக்கு செனட் ஒப்புதல் கொடுத்த அன்றே, விட்கம் நகர மேயர் டாலிவர் பாராட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார்.

"'கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத உத்தமர்'னு போடும்மா நடீன்."

உதவியாளர் நடீன் தட்டச்சு செய்தாள். விட்கம், கால்டர் என்ற இரண்டு ஊர்களின் கடற்படைத் தளங்களில் ஒன்றை மூடப்போவதாகப் பேச்சு. அவள் கணவனுக்கு விட்கம் தளத்தில்தான் வேலை.

"சார், நம்ம தளத்தை மூடிடாதீங்கன்னு ஒரு வரி சேத்துக்கட்டுமா?"

"அட போம்மா! கெஞ்சினா மதிப்பு போயிடும். புதுக் கப்பலுக்கு நம்ம ஊர்ப் பேரை வைக்கச் சொல்லிக் கேளு. பேரை வச்சுட்டு, அந்த ஊர்த் தளத்தையே மூடுவாரா மனுஷன்?"

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. மேயர் உரக்கப் படித்தார்.

"தங்கள் பாராட்டுக்குத் தகுந்தபடியே நடந்துகொண்டேன். புதுக் கப்பலுக்கு 'விட்கம்' என்றே பெயர் சூட்டுகிறோம்."

"பாத்தியா!" என்று மேசையைத் தட்டியவர், அடுத்த வரிக்குப் போனதும் கடிதத்தை நடீனிடம் நீட்டினார். அவள் வாங்கி மீதியைப் படித்தாள்.

"கால்டர்காரர்கள் தங்கள் தளம் நீடிக்க வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் நான் இல்லையென்று சொல்லவில்லை. 'விட்கம்' இனி அங்கேதான் நிற்கும்."