நாலாவது நாற்காலி

“என்னவாம்? பொழைப்பேனா மாட்டேனா? கேட்டுச் சொல்லு” என்றார் நார்மன், மேஜையில் விரலால் தாளம் போட்டபடி.

அவர் மனைவி மேவிஸ் கைப்பையைத் திறந்து மூடினாள். டாக்டர் அம்பாரோ இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். வழக்கமாகப் படபடவென்று பொரிகிறவள், இன்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி ஸ்பானிஷ் மொழியில் சொன்னாள். கணையத்தில் கட்டி. கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஆபரேஷன் செய்தும் பயனில்லை. கிறிஸ்துமஸைப் பார்த்தால் பெரிய விஷயம்.

“பித்தப்பையில கல்லாம்” என்றாள் மேவிஸ் ஆங்கிலத்தில். “மாத்திரையிலயே கரைஞ்சுடுமாம். பொரிச்ச மீன் மட்டும் கூடாதாம்.”

“அடச்சே! இதுக்கா இந்தம்மா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டிருக்கு?”

“அவங்க மூஞ்சியே அப்படித்தான்.”

நார்மன் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

பொய் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில், ஹல் நகரத்தில் இருந்த நார்மனின் அண்ணனுக்கும் இதே நோய்தான். டாக்டர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த மனுஷன், பேச்சுமில்லை சாப்பாடுமில்லை, அப்படியே போய்ச் சேர்ந்தார். நார்மன் அப்படிப் போகக் கூடாது. இருக்கிற வரைக்கும் வெயிலில் உட்கார்ந்து, பீர் குடித்து, நாலு பேரை வம்புக்கு இழுத்துக்கொண்டு இருக்கட்டும்.

மறைப்பதும் சுலபம். ஓய்வு பெற்று இந்த ஸ்பெயின் கடற்கரைக்குக் குடிவந்து இத்தனை வருஷமாகியும், அவருடைய ஸ்பானிஷ், பீர் கேட்பதையும் பில் கேட்பதையும் தாண்டவில்லை. “நான் எதுக்குக் கத்துக்கணும்? அதுக்குத்தானே உன்னைக் கட்டியிருக்கேன்” என்பார்.

வந்த புதிதில் பேத்தியை நினைத்து அழுதுகொண்டே கிடந்தவள் மேவிஸ். இவருடைய முட்டி வலியை டாக்டரிடம் சொல்ல ஆளில்லையே என்றுதான் மொழி வகுப்புக்கே போனாள். இன்று நகராட்சி, பேங்க், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் அவள்தான் அவருக்கு வாய். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காரில் ஏறியதும் நார்மன் ஆரம்பித்தார். “துறைமுகத்துக்கு விடு. டோமினோ ஆடணும். நீயும் வந்து உட்காரு.”

“மறுபடியுமா? ஒரு வாரமா இதே பாட்டு! அந்த மீன்காரக் கிழவனுங்களோட எனக்கென்ன வேலை?”

“கத்துக்கோ. புள்ளி எண்ணத் தெரிஞ்சாப் போதும். ஒரு வார்த்தை பேசாம நான் ஆடலையா?”

“நீ சைகையிலயே ஊரை வித்துடுவ.”

“வீட்டுக்குள்ளயே கிடந்தா பூஞ்சை புடிச்சுடும், மேவிஸ். பக்கத்து வீட்டு டோரீனைப் பாரு. புருஷன் போனதும் பேச்சுத் துணைக்கு ஆளில்லாம, வீட்டை வந்த விலைக்குத் தள்ளிட்டு இங்கிலாந்துக்கு ஓடினா. இப்ப மகன் வீட்டு மாடியில, சாப்பாடு வரும்போது மட்டும் மனுஷ முகத்தைப் பார்க்கறா.”

“இப்ப எதுக்கு டோரீன் பேச்சு?” மேவிஸின் குரல் கிறீச்சிட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுதால் காரியம் கெட்டுவிடும். சாகப்போகிற மனுஷன் கேட்கிறார், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று வண்டியைத் துறைமுகத்துப் பக்கம் திருப்பினாள்.

மதுக்கடை வாசலில், கூரைத் துணியின் நிழலில் அதே மேஜை. விசென்டேயும் இன்னும் இரண்டு கிழவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நார்மனைக் கண்டால் மேஜையைத் தட்டிக் கூச்சல் போடுகிறவர்கள், இன்று சும்மா இருந்தார்கள்.

“என் நாற்காலியில உட்காரு. நான் போய் பீர் சொல்லிட்டு வரேன்” என்று நார்மன் உள்ளே போனார்.

மேவிஸ் உட்கார்ந்தாள். விசென்டே சட்டென்று அவள் கையைப் பற்றினார். வலை இழுத்துக் காய்த்துப்போன கை.

“தைரியமா இருங்கம்மா. நாங்க இருக்கோம்” என்றார் ஸ்பானிஷ் மொழியில். அவருக்கு வேறு மொழி தெரியாது.

“எதுக்குத் தைரியம்?”

“இன்னிக்கு டாக்டரம்மா உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களே. நார்மன் போன வாரமே தனியாப் போய்க் கேட்டுக்கிட்டார். ‘என் வாயால அவகிட்டச் சொல்ல வரலை. நீங்களே நிதானமாச் சொல்லுங்க’ன்னு கேட்டுட்டு வந்தாராம். வந்து இதே நாற்காலியில உட்கார்ந்துதான் அழுதார்.”

மேவிஸ் கையை உருவிக்கொண்டாள். “தனியாவா? அவருக்குத்தான் பாஷை தெரியாதே!”

“நார்மனுக்கா?” விசென்டே மற்ற இருவரையும் பார்த்தார். “எங்க சண்டையெல்லாம் தீர்த்து வைக்கிறதே அவர்தானேம்மா. உங்க முன்னாடி மட்டும் வாயத் திறக்க மாட்டார். ‘அவ இங்க தலை நிமிர்ந்து நடக்கறதே எனக்காகப் பேசறதாலதான், அதைக் கெடுத்துடாதீங்க’ன்னு எங்களையும் மிரட்டி வச்சிருக்கார்.”

அவர் டோமினோ கட்டைகளை அவள் பக்கம் தள்ளினார். “தனக்கப்புறம் இந்த நாற்காலி காலியாக் கிடக்கக் கூடாதுன்னார். உங்களை உட்கார வைக்கச் சொன்னார்.”

அதற்குள் நார்மன் பீர்க் கோப்பைகளோடு வந்துவிட்டார். விசென்டேயின் முகத்தைப் பார்த்தார், மேவிஸின் கண்களைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கிழவன் என்னமோ ரொம்ப நேரமாப் பேசறானே. என்னவாம்? கேட்டுச் சொல்லு.”

மேவிஸ் கட்டைகளைக் கலைத்தாள்.

“நீ பொல்லாத ஏமாத்துக்காரனாம்” என்றாள் ஆங்கிலத்தில். “உன்கூட ஜாக்கிரதையா ஆடணுமாம்.”